நாற்பத்தொரு சதவீதம்

செவ்வாய், வியாழன். காலை பத்து மணி.
நூலகத்தின் நிலவறையில் ஒன்பது கணினிகள்,
எட்டு வேலை செய்யும்.
வெளியே நெப்ராஸ்காவின் ஜனவரி,
காரின் கதவுப்பிடி விரலைக் கடிக்கிற குளிர்.

நான் ஆசிரியை இல்லை.
இருபத்தாறு வருஷம் தானியக் கிடங்கில்
மக்காச்சோளத்துக்குக் கணக்கு எழுதியவள்.
பிழையைக் கண்டால் கை துறுதுறுக்கும்.
அதை அடக்கத்தான் இங்கே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

முதல் அரைமணி கடவுச்சொல்லுக்கே போய்விடும்.
மூன்று நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனைகளைத் தாண்டி வந்தவர்கள்
ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி என்கிற
இந்தச் சின்னச் சுங்கச்சாவடியில் நிற்கிறார்கள்.
பெட்ரோனிலா தன்னுடையதை உள்ளங்கையில் எழுதி வருவாள்.
கையுறைக்குள் வியர்த்துப் பாதி அழிந்திருக்கும்.
மீதியை நான் ஊகிப்பேன்: மகன் பெயர், அவன் பிறந்த வருஷம்.
இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பிறகு இரட்டைச் சொடுக்கு.
அதற்கென்று நாலு நிமிஷக் காணொளி ஒன்று உண்டு,
நகப்பூச்சு மின்னும் யாருடைய விரலோ, டக் டக்.
குலேதின் ஆட்காட்டி விரல் அப்படி மடங்காது.
இறைச்சி ஆலையில் நிமிஷத்துக்கு ஆறு மாட்டுத் தோள்களை
எலும்பிலிருந்து பிரிக்கிற கை.
டக் என்று ஒன்று விழும்.
அடுத்தது
விழுவதற்குள்
முதலாவதைக் கணினி மறந்துவிடும்.

ஒரு ஞாயிறு முழுக்க அமைப்புகளைத் துழாவினேன்.
எங்கோ ஆழத்தில் ஒரு சின்னப் பட்டை,
இடதுபுறம் இழுத்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுமாம்.
இழுத்தேன். எட்டிலும்.
இந்த வருஷம் நான் உருப்படியாகக் கற்பித்தது
அது ஒன்றுதான், அதுவும் கணினிக்கு.

இந்த வாரப் பாடம், மருத்துவமனைக்குப் போன் செய்வது.
ஐ வுட் லைக் டு மேக் அன் அப்பாயின்ட்மென்ட்.
ஒலிவாங்கியில் சொன்னால் நிரல் மதிப்பெண் போடும்.
குலேதின் சோமாலியில் அந்த ஒலி கிடையாது.
உதடு வெடிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகத் திறக்கிறது.
அபாயின்ட்மென்ட் என்கிறான்,
உள்ளே ஏதோ அபாயம் இருப்பதுபோல.
நாற்பத்தொரு சதவீதம். சிவப்பு.
மீண்டும் முயல்க.
நாற்பத்தொன்று.
சா லே வா கடைசி மெய்யை விழுங்குகிறான், முப்பத்தெட்டு.
இதே ஊரில் பிறந்த என் வாயால் நானும் சொல்லிப் பார்த்தேன்.
எழுபத்து மூன்று.
அன்று வகுப்பு சிரித்ததுபோல் என்றும் சிரித்ததில்லை.

வீட்டில் பேசிப் பதிந்து அனுப்புங்கள் என்றேன்.
நள்ளிரவு பன்னிரண்டு பத்துக்கு வந்திருந்தது குலேதின் கோப்பு.
காலையில் காப்பியோடு கேட்டேன்.
முதலில் ஓர் இரும்புக் கதவு.
தண்ணீர் பீய்ச்சித் தரை கழுவுகிற இரைச்சல்.
பிறகு அவன், ஐ வுட் லைக் டு.
எங்கிருந்தோ ஒரு பெண், மேக் அன்.
ஸ்பானிஷில் ஒரு கெட்ட வார்த்தை.
அப்புறம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே ஏழெட்டுப் பேர்,
அபாயின்ட்மென்ட், அப்பாயிமென், அப்புவாமென்,
லாக்கர் கதவைத் தட்டித் தாளம் வேறு.
என் வகுப்பில் பெயரே கொடுக்காதவர்கள்.
அதே கோப்பை நிரலிடம் கொடுத்தேன்.
பேச்சு எதுவும் கண்டறியப்படவில்லை என்றது.

திங்களன்று அவன் நிஜமாகவே போன் செய்தானாம், அந்த விரலுக்காக.
மறுமுனையில் இருந்தவளுக்குப் புரிந்துவிட்டது.
எந்தக் கிழமை வசதி என்று கேட்டிருக்கிறாள்.
அதை நாங்கள் பழகியிருக்கவில்லை.
அவன் மண்டே, டியூஸ்டே என்று ஏழையும் வரிசையாகச் சொல்லி
மூச்சு வாங்கி நிறுத்தினானாம்.
அவளே ஒன்றைப் பொறுக்கிக்கொண்டாள்.
புதன், காலை எட்டேகால்.

வியாழக்கிழமை கட்டுப்போட்ட விரலோடு வந்தான்.
பின்னாலேயே லாக்கர் அறையிலிருந்து மூன்று பேர்.
கடவுச்சொல் என்றால் என்ன என்றாள் ஒருத்தி,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
நான் போய் ஒன்பதாவது கணினியை
ஒருமுறை உதைத்துப் பார்த்தேன்.